ஒழுகும் கண்ணாடியும் நூற்றுப் பன்னிரண்டு குடங்களும்

எங்கள் சலூன் கண்ணாடியின் சட்டத்தில் செதுக்கியிருந்த மர அருவி நிஜமாகவே ஒழுகத் தொடங்கிய நேரத்தில், என் அப்பா சாத்தையா தபால்காரரின் இடது கன்னத்தை முடித்துவிட்டு வலது கன்னத்துக்கு நுரை போட்டுக்கொண்டிருந்தார். முதல் சொட்டு தபால்காரரின் தோளில் விழுந்தது, அப்பா நாற்காலியை ஒரு சாண் தள்ளிப் போட்டார், கழுவி வைத்திருந்த கிண்ணம் ஒன்றை அடியில் வைத்தார், வலது கன்னத்தையும் முடித்தார், கிண்ணம் நிறைந்ததும் எடுத்து ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு, "உப்பு இல்லை" என்றார். அவ்வளவுதான். மரம் எப்படித் தண்ணீர் விடும் என்று அவர் கேட்கவில்லை, தபால்காரர் கேட்கவில்லை, அன்று மதியத்துக்குள் செய்தி போய்ச் சேர்ந்த வடக்குப் பொட்டல் தெருவின் நூற்றுப் பன்னிரண்டு வீடுகளில் ஒரு வீடும் கேட்கவில்லை. அவர்கள் கேட்டதெல்லாம் ஒரு நாளைக்கு எத்தனை குடம் வரும் என்பதுதான்.

நான் கேட்டேன். ஒரு மணி நேரம் பஸ்ஸில் போய்ப் பல்கலைக்கழகத்தில் அரசியல் அறிவியல் படிக்கிறேன், கேட்பதுதான் என் படிப்பே. ஆனால் எங்கள் நரிப்பொட்டலில் கேள்வி கேட்கிற பெண்ணைக் கொசுவை ஓட்டுவதுபோலக் கையை வீசி ஓட்டிவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். "ஏத்தா தமயந்தி, வர்ற தண்ணிகிட்டப் போயி எங்கேருந்து வர்றேன்னு கேட்டா அது கோவிச்சுக்கிட்டுப் போயிராதா?" என்றார் இருளாயி அக்கா. எங்கள் தெருவில் ரேஷன் கடை வரிசையானாலும் ஊருணி வரிசையானாலும் அதற்கு அவர்தான் போலீஸ், அவர்தான் கோர்ட்; அவர் சொன்னபிறகு மேல்முறையீடு கிடையாது.

கண்ணாடி எங்களிடம் வந்த கதையில் மாயம் ஒன்றும் இல்லை. மலையில் யாரோ ஒரு துரையின் பாழடைந்த பங்களாவை இடித்தபோது, சலூனுக்கு நல்ல நாற்காலி கிடைக்குமா என்று லாரியேறிப் போன அப்பா, நாற்காலிகளை எல்லாம் கரையான் தின்றுவிட்டதால் ஆள் உயரக் கண்ணாடியோடு திரும்பி வந்தார். அதன் சட்டத்தில் மருந்துக்கும் ஒரு நேர்கோடு கிடையாது. சுருண்ட இலை, சுருண்ட சிப்பி, பாறைமேல் பாறை, முதுகோடு முதுகு ஒட்டிய பிறைகள், உச்சியில் நீண்ட அலகோடு மயிலுமில்லாத கொக்குமில்லாத ஒரு பறவை, இரண்டு பக்கமும் பாறையிலிருந்து வழிந்து சொட்டுச் சொட்டாய் நிற்கும் தண்ணீர், எல்லாம் மரம், எல்லாவற்றின் மேலும் தங்க ரேக், காகிதத்தைவிட மெல்லிய பொன் தகடு. ரொக்கோகோ என்று பெயராம், இங்கிலாந்தில் இருநூற்று அறுபது எழுபது வருடத்துக்கு முன்னால் செதுக்கியதாக இருக்கும் என்று எங்கள் நூலகத்தில் ஒரு தடிமனான புத்தகத்தைப் பார்த்துக் கண்டுபிடித்தேன். எனக்கு ஆத்திரமாக வந்தது. வருஷம் பூராவும் மழை பெய்கிற ஊர்க்காரன் தண்ணீரை மரத்தில் செதுக்கித் தங்கம் பூசிச் சுவரில் மாட்டி அழகு பார்த்திருக்கிறான். எங்கே தோண்டினாலும் உப்பாய் ஊறுகிற ஊரில், நல்ல தண்ணீருக்கு ரயில்வே கேட்டைத் தாண்டி ஊருணிவரை இரண்டு கிலோமீட்டர் நடக்கிற என் அம்மாவுக்கு, தண்ணீரை அலங்காரமாக நினைக்க ஒருநாளும் தோன்றியதில்லை.

அந்தப் புத்தகத்தில் இன்னொன்றும் போட்டிருந்தது. தங்க ரேக்குக்கு அடியில் இருப்பது சுண்ணாம்புப் பொடியும் பசையும்தான், ஈரம் பட்டால் மொத்தமும் கரைந்து வந்துவிடும் என்று. வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக ஓர் அட்டையில் 'ஈரத்துணி படக்கூடாது' என்று எழுதிச் சட்டத்தின் பக்கத்தில் தொங்கவிட்டேன். தெருவே வந்து படித்துச் சிரித்துவிட்டுப் போனது. "பொழுதன்னைக்கும் தண்ணி ஒழுகுற சாமானுக்கு ஈரத்துணி ஆகாதாம்ல! படிச்ச புள்ள எழுதியிருக்கு, கேட்டுக்கங்கடி!" என்று இருளாயி அக்கா அந்த அட்டையையே எடுத்து விசிறிக்கொண்டார். அவர் சொல்வதிலும் ஒரு தர்க்கம் இருந்தது என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

அரிச்சுவடியிலிருந்து சொல்கிறேன், எங்கள் தெரு அந்த அதிசயத்தை எப்படி விழுங்கியது என்று. முதல் நாள் ஏழு குடம் வந்தது, மூன்றாம் நாள் இருபது, அப்புறம் அருவி பென்சில் கனத்துக்குப் பெருகி, வீட்டுக்கு ஒரு குடம் என்று தெரு முழுவதற்கும் அளந்து வைத்ததுபோல நூற்றுப் பன்னிரண்டில் நின்றுகொண்டது. கடை திறந்தால் ஒழுகும், கதவைச் சாத்தினால் நிற்கும். செவ்வாய்க்கிழமை சலூன்களுக்கு விடுமுறை என்பதால் அன்றைக்கு ஒரு சொட்டும் விடாது. முடிதிருத்துவோர் சங்க விதியைக் கண்ணாடி எங்கள் சங்கத்தைவிட ஒழுங்காக மதித்தது. அதுவரை சலூன் வாசல்படியை மிதித்திராத பெண்கள் உள்ளே வந்து உட்கார்ந்து கீரை ஆய்ந்தார்கள், பேன் பார்த்தார்கள், பாதி மீசையோடு உட்கார்ந்திருக்கிற ஆண்களைப் பார்த்து, "சின்னவரே, வலது பக்கம் இன்னுங் கொஞ்சம் ஏத்தி வெட்டச் சொல்லுங்க, இப்படியிருந்தா மூஞ்சிக்கு எடுக்காது" என்று யோசனை சொன்னார்கள். வெட்கப்பட்டுப் பாதியில் எழுந்துபோன நாலு பேர் ஒரு வாரம் ஒற்றைக் கிருதாவோடு திரிந்தார்கள். மூன்று வாரத்துக்கெல்லாம் அதுவே எங்கள் ஊரில் ஸ்டைலாகிவிட்டது. வெள்ளிக்கிழமைகளில் யாரோ கம்பை நீட்டிப் பறவைக்கு மல்லிகைப்பூ மாட்டினார்கள். வார்டு கவுன்சிலர் தன் படம் போட்டு, 'தெருவுக்குக் கண்ணாடி நீர் தந்த' என்று ஆரம்பித்து ஒரு பேனரே வைத்தார். கண்ணாடியைக் கண்ணாடியாகப் பார்க்க மட்டும் யாருக்கும் நேரமில்லை.

வரிசைக்கு எங்கள் ஊரில் ஒரு சட்டம் உண்டு, அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. குடம் நின்றால் ஆள் நின்றது மாதிரி. குடத்தை வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சோறு வடிக்கலாம், பிள்ளையைக் குளிப்பாட்டலாம், திரும்பி வரும்போது குடம் வைத்த இடத்தில் இருக்கும். ஏனென்றால் ஒருத்தி வைத்த குடத்தை இன்னொருத்தி தொடக்கூடாது. எவளாவது நடுவில் புகுந்து வைத்துவிட்டால் அவளைத் திட்டலாம், அவள் மாமியார் வரை, மாமியாருடைய மாமியார் வரை இழுக்கலாம், மண்ணை வாரித் தூற்றலாம், குடத்தைத் தொடக்கூடாது. ஒருமுறை ஊருணியில் கீழவீட்டுப் பெண் ஒருத்தி அப்படிக் குறுக்கே வைத்ததற்கு மூன்று நாள் வசவு நடந்தது, மூன்று நாளும் அந்தக் குடம் வைத்த இடத்திலேயே நின்றது. புயலில் கூரை பறந்திருக்கிறது, தேர்தலில் மண்டை உடைந்திருக்கிறது. வைத்த குடத்தை மட்டும் எங்கள் ஊரில் இன்றுவரை எவரும் நகர்த்தியதில்லை.

அந்த வரிசையில் என் அம்மா பஞ்சவர்ணத்தின் குடம் நூற்றுப் பன்னிரண்டாவது. எங்கள் கடை, எங்கள் சுவர், எங்கள் கண்ணாடி. கடைசிக் குடம் எங்களுடையது. யாரும் சொல்லவில்லை, அம்மாவாகவே போய்க் கடைசியில் வைத்தாள், ஊருணியில் எப்படி வைப்பாளோ அப்படி. என் அப்பாவை வயதில் சின்னவர்களும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற தெரு இது, எங்கள் வீட்டில் பச்சைத்தண்ணீர் வாங்கிக் குடிக்காத தெரு. "இப்ப மட்டும் எப்படி அக்கா குடிக்கிறீங்க?" என்று நான் கேட்டே விட்டேன். இருளாயி அக்கா கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. "இது உங்க வீட்டுத் தண்ணியா? கண்ணாடித் தண்ணிடி. வெள்ளைக்காரன் சாமான்" என்றார். அதைச் சொல்லிவிட்டு எங்கள் கடை பெஞ்சில் எங்கள் விசிறியால் விசிறிக்கொண்டார். நான் வாயைத் திறந்தேன், அம்மா கண்ணால் அடக்கினாள்.

இதையெல்லாம்கூட நான் பொறுத்துக்கொண்டிருப்பேன். ஆனால் கண்ணாடி ஒழுகுவதற்கு முன்னாலேயே ஒரு வருஷமாக நான் ஒரு வேலை செய்துகொண்டிருந்தேன். பேரூராட்சியில் புதிதாகக் குடிநீர்க் குழாய்த் திட்டம் வருகிறது, எங்கள் தெருவின் பெயர் அதில் இல்லை. வீடு வீடாக ஏறி நூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து, அதில் நாற்பத்தொன்று கைநாட்டு, வாங்கி மனு கொடுத்து, பதில் வராமல் மறுபடி கொடுத்து, கடைசியில் பட்டியலில் எங்கள் தெருவை ஏற்றியும் விட்டேன். கண்ணாடி ஒழுகி இரண்டாவது மாதம் ஒரு கடிதம் வந்தது. வடக்குப் பொட்டல் தெருவில், சாத்தையா சலூனில், இயங்கும் நீராதாரம் ஒன்று இருப்பதாகத் தெரியவருவதால் மேற்படி தெரு பட்டியலிலிருந்து நீக்கப்படுகிறது.

கடிதத்தைப் பிடித்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போனேன். பொறியாளர் ஞானப்பிரகாசம் என்னைவிட ஐந்தாறு வயதுதான் மூத்தவராக இருப்பார்.

"சார், அது ஒரு மூஞ்சி பார்க்கிற கண்ணாடி."

"தண்ணி வருதாம்மா இல்லையா?"

"வருது. ஏன் வருதுன்னு உங்களுக்குத் தெரியுமா? நாளைக்கு நின்னுட்டா?"

"மழை ஏன் வருதுன்னு எனக்குத் தெரியாது. அதுக்காக ஏரியைக் கணக்குல எடுக்காம விட முடியுமா?" என்றவர் ஒரு படிவத்தைத் திருப்பிக் காட்டினார். நீராதாரத்தின் வகை: கிணறு, ஆழ்துளைக் கிணறு, ஊருணி, மற்றவை. மற்றவையில் ஒரு டிக். "சனிக்கிழமை நானே வந்து பார்க்கிறேன். தெரு ஜனங்க போதலைன்னு சொன்னாங்கன்னா, திரும்பவும் ஏத்துறேன். அதுதான் கடைசி, திங்கக்கிழமை பட்டியல் மேலே போயிரும்."

ஆக எல்லாம் சனிக்கிழமையில் வந்து நின்றது. அன்றைக்கு இந்தத் தெரு ஒரே குரலில் 'குழாய் வேண்டும்' என்று சொன்னால் குழாய், சொல்லாவிட்டால் ஆயுசுக்கும் ஒரு கண்ணாடி. வரிசையின் நடுவில் நின்று இதை நான் விளக்கினேன், மேசையில் நுரையால் வரைந்துகூடக் காட்டினேன்.

"வராத குழாய்க்காக வர்ற தண்ணியை வேணாம்னு சொல்லச் சொல்றியா?" என்றார் இருளாயி அக்கா.

"இந்தத் தண்ணி வர்றதாலதான் அக்கா குழாய் வரல!"

"குழாய் வரலைன்னுதான்டி இந்தத் தண்ணியே வருது. அதுக்குத் தெரிஞ்சிருக்கு, உங்க ஆபீசுக்குத் தெரியலை."

"கூடக் கூடப் பேசாத தமயந்தி, அது காதுல விழுந்துறப் போகுது" என்று யாரோ பறவையைக் கண்ணால் காட்டினார்கள். நூற்றுப் பதினொரு பேரும் பறவையைப் பார்த்தார்கள். மரப் பறவை, மல்லிகைப்பூவோடு. கத்தலாம்போல இருந்தது, கத்தினேன். கன்னத்தில் நுரையோடு இருந்த ஒரு தாத்தா, "புள்ளைக்கு மோர் குடுங்கப்பா" என்றார்.

வெள்ளிக்கிழமை எனக்குத் தேர்வு. நான் பஸ் ஏறிய பிறகு, மறுநாள் ஆபீசர் வந்து பார்க்கும்போது கண்ணாடி அழுக்காக இருந்தால் தெருவுக்குத்தானே மானக்கேடு என்று இருளாயி அக்காவுக்குத் தோன்றியிருக்கிறது. வெள்ளிக்கிழமை என்றால் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு புளியைக் கரைத்து விளக்கு துலக்குவார்கள். மஞ்சளாய் மின்னுகிற எதைப் பார்த்தாலும் இவர்கள் கைக்கு அது பித்தளைதான். ஆறு பேர், இரண்டு வாளி புளிக்கரைசல், தேங்காய் நார். அப்பா குறுக்கே போய் நின்று, "என் மக ஈரம் படக்கூடாதுன்னு சொல்லியிருக்காளே" என்றிருக்கிறார். "நீ சும்மா இரு சாத்தையா, பொம்பளைக வேலை" என்று அவரைச் சலூனுக்கு வெளியே உட்கார வைத்திருக்கிறார்கள்.

நான் திரும்பி வந்தபோது தெருவே சலூன் வாசலில் நின்றது. கண்ணாடிச் சட்டத்தை அதன் சொந்தத் தண்ணீர் இத்தனை மாதம் ஒன்றும் செய்யவில்லை. புளித்தண்ணீர் அரை மணி நேரத்தில் முடித்துவிட்டது. இலையும் சிப்பியும் பாறையும் சுண்ணாம்பு வெளுப்பாய், அங்கங்கே செம்மண் நிறப் பூச்சாய், அதற்கும் கீழே வெறும் மரமாய்த் தெரிந்தன. இரண்டு வாளிகளிலும் பழுப்புக் கரைசலின் மேல் தங்கம் மினுமினுத்துக்கொண்டு மிதந்தது. எட்டாத உயரத்தில் இருந்ததால் பறவை மட்டும் பிழைத்திருந்தது. அருவி நின்றுவிட்டது. கடைசியாக வந்தது அம்மாவின் குடத்தில் அரைக் குடம்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்கு முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. நீராதாரம் ஒழிந்தது, இனி என்ன எழுத முடியும் அந்த ஆளால்? அப்புறம்தான் அக்காவின் கையைப் பார்த்தேன். நகக்கண்ணெல்லாம் தங்கம். "விளக்கை அப்படித்தானடி தேய்ப்போம்" என்றார் மெதுவாக. இத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் தாழ்ந்த குரலில் பேசியது அன்றுதான், ஜெயித்த மாதிரியே எனக்கு இல்லை.

சனிக்கிழமை பத்து மணிக்கு ஜீப் வந்தது. ஞானப்பிரகாசம் கண்ணாடியைத் தொட்டுப் பார்த்தார், தட்டிப் பார்த்தார், தன் தலைமுடியை ஒருமுறை சரிசெய்துகொண்டார், எழுதினார். நான் எட்டிப் பார்த்தேன். 'நீராதாரம்: உள்ளது. நிலை: பழுது. பழுது நீக்கும் பொறுப்பு: பயனாளிகள்.'

"தண்ணியே இல்லை சார்!"

"இல்லாம இல்லைம்மா, பழுது. பழுதான போர்வெல்லை இல்லைன்னு எழுதுவோமா? சரி பண்ணிட்டு எழுதிக் கொடுங்க. ஆதாரம் இருக்கிற தெருவுக்குக் குழாய் கிடையாது."

"சரி பண்றதுக்கு எந்த ஊர் மெக்கானிக்கைக் கூப்பிடட்டும்? இருநூத்தம்பது வருஷத்துக்கு முன்னாடி செத்துப்போன தச்சனையா?"

"அது மெயின்டனன்ஸ் பிரிவு" என்று சொல்லிவிட்டு அவர் ஜீப்பில் ஏறப் போனார். நான் பின்னாலேயே போய் வாதாடினேன், சட்டம் சொன்னேன், உரிமை சொன்னேன், அவர் கடிகாரத்தைப் பார்த்தார். அப்போதுதான் இருளாயி அக்கா முந்தானையை இடுப்பில் செருகினார்.

"அடியே, குடத்தை எடுத்துட்டு வாங்கடி எல்லாரும்."

வந்தார்கள். பச்சை, நீலம், ஆரஞ்சு, ஓட்டையை மெழுகால் அடைத்தது, கழுத்து உடைந்தது, தெருவில் இருந்த குடம் அத்தனையும் வந்தது. "பஞ்சவர்ணம், உன் குடத்தை முதல்ல வை" என்றார் அக்கா. அம்மா திரும்பிப் பின்னால் பார்த்தாள், வேறு பஞ்சவர்ணம் யாராவது நிற்கிறாளா என்று. அப்புறம் அரைக் குடம் தண்ணீரோடு இருந்த தன் குடத்தை ஜீப்பின் முன் சக்கரத்துக்கு நேராக வைத்தாள். அதற்குப் பின்னால் ஒவ்வொன்றாய், ஜீப்பைச் சுற்றி ஒரு சுற்று, இரண்டு சுற்று, மூன்றாவது சுற்று பாதி. இந்தத் தெரு திருந்திவிட்டது என்றே நினைத்தேன்.

"டிரைவர், அதை நகர்த்துப்பா" என்றார் ஞானப்பிரகாசம்.

டிரைவர் எங்கள் ஊர்க்காரர். சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "சார், வேலையை விட்டு வேணும்னா எடுத்துருங்க. வச்ச குடத்துல கை வைக்க மாட்டேன்."

பொறியாளரே குனிந்து ஒரு நீலக்குடத்தின் கழுத்தைப் பிடித்தார். நூற்றுப் பன்னிரண்டு வீட்டிலிருந்தும் ஒரே சத்தம் வந்தது, "ஏய்!" என்று. தபால்காரர்கூட சைக்கிளை நிறுத்திவிட்டுக் கத்தினார். ஞானப்பிரகாசம் சுட்டதுபோலக் கையை எடுத்துக்கொண்டார்.

பன்னிரண்டு மணி ஆயிற்று, ஒரு மணி ஆயிற்று. பொறியாளர் சலூன் நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். அப்பா, "ஷேவிங் பண்ணிரவா சார்?" என்றார், வேண்டாம் என்று தலையாட்டினார். வெயில் ஏற ஏற அவர் உதடு காய்ந்தது. "குடிக்கக் கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?" என்றார். மற்ற வீடுகளில் முந்தின நாள் தண்ணீர் காலையிலேயே தீர்ந்திருந்தது, தெருவில் நல்ல தண்ணீர் ஒரே ஒரு குடத்தில்தான் இருந்தது. அம்மா போய் அதிலிருந்து ஒரு டம்ளர் மொண்டு வந்தாள். அவர் வாய் வைத்துக் குடித்தார், இன்னொன்று கேட்டார், இன்னொன்றும் கேட்டார். தெருப் பெண்கள் அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். மூன்றாவது டம்ளரில் குடம் காலி.

"நல்ல தண்ணி. எங்கேருந்து வருது?"

"சார்," என்றேன், "இந்தத் தெருவோட கடைசி நல்ல தண்ணி இப்ப உங்க வயித்துல இருக்கு. நீராதாரம்னு எழுதுறதா இருந்தா உங்க பேரைத்தான் எழுதணும். பழுது நீக்குற பொறுப்பையும் சேர்த்து."

அவர் என்னைப் பார்த்தார், பிறகு கண்ணாடியில் தன்னைப் பார்த்தார், தலைக்கு மேலே மிச்சமிருந்த தங்கப் பறவையைப் பார்த்தார். படிவத்தை எடுத்து எழுதியதை அடித்தார். 'நீராதாரம்: இல்லை. கண்ணாடி: ஒன்று.' தேதி போட வைத்தேன். முத்திரையும் வைக்க வைத்தேன். அதன்பிறகு அவரவர் வந்து அவரவர் குடத்தை எடுத்துக்கொண்டு போனார்கள்.

குழாய் வர பதினாலு மாதம் ஆனது. அதற்குள் நான் பட்டம் வாங்கினேன், பேனர் கிழிந்து கவுன்சிலரின் ஒரு கண் மட்டும் மிஞ்சியது, பறவைக்கு வெள்ளிக்கிழமைப் பூ நிற்கவில்லை. சலூனுக்கு எதிரிலேயே குழாய். நாளைக் காலை ஆறு மணிக்குத் தண்ணீர் விடுவார்கள் என்றால் முதல் நாள் சாயங்காலமே வரிசை போட்டாகிவிட்டது. முதலில் இருளாயி அக்காவின் பச்சைக் குடம். நூற்றுப் பன்னிரண்டாவதாக, சாக்கடை ஓரத்தில், என் அம்மாவின் குடம்.

"அக்கா, அன்னைக்கு ஜீப்புக்கு முன்னாடி எங்க அம்மா குடத்தைத்தானே முதல்ல வைக்கச் சொன்னீங்க?"

"ஆமா. போலீசு வந்தா முதல்ல நிக்கிறவளுக்குத்தானடி அடி விழும்." கொஞ்சமும் பகை இல்லாமல், பருப்பு எப்படி வேகிறது என்று சொல்வதுபோலச் சொன்னார். "அது அடி வாங்குற வரிசை. இது தண்ணி வரிசை."

ஒரு வருஷம், நூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து, இரண்டு மனு, ஒரு ஜீப். நான் வாயைத் திறந்தேன். இந்தமுறை அம்மா கண்ணால் அடக்கவில்லை. அதனாலேயோ என்னவோ எனக்கு வாதாடத் தோன்றவில்லை. சாக்கடை ஓரம் வரை நடந்து போனேன், எங்கள் குடத்தைத் தூக்கினேன், வரிசை நெடுகத் திரும்பி நடந்து வந்து, பச்சைக் குடத்துக்கு முன்னால், குழாய்க்கு நேர் கீழே வைத்தேன்.

திட்டினார்கள். அப்பாவை இழுத்தார்கள், தாத்தாவை இழுத்தார்கள், எனக்கு இன்னும் வராத மாமியாரை இழுத்தார்கள், மண்ணைக்கூட வாரித் தூற்றினார்கள். இருளாயி அக்கா குடத்தின் கழுத்துவரை கையைக் கொண்டுபோனார். ஒரு விரல்கடை தூரத்தில் கை நின்றது.

குடம் அங்கேயேதான் இருக்கிறது. விடிந்தால் தண்ணீர் வரும்.